தேடிய தேட்டத்தில் ஓடுகிற வீடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஸ் அளவான மோட்டர் ஹோம்கள் ஓடும். அவற்றில் சிலதின் பின்பக்கத்தில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். எங்கட பாஷையில் சொன்னால், ‘பிள்ளையளின்ர முதுசத்தைத்தான் செலவழிச்சுக்கொண்டு போறம்’ என்பது அதன் கருத்து. ஓட்டுகிறவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பக்கத்து சீற்றில் மனைவி வழி பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பா. வீட்டை வித்துப்போட்டு, வருஷம் முழுக்க அந்த வாகனத்துக்குள்ளேயே சீவிக்கிற ஓய்வுபெற்ற சோடிகள் இவர்கள். இவர்களின் காணொளிகளை யூரியூப்பில் நீங்களும் பார்த்திருப்பீங்கள். முதல் மூன்று மாதத்தில் என்ன படிச்சம், முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு முடிஞ்சுது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுவார்கள்.

ஸ்ரிக்கரை அவர்கள் பகிடியாகத்தான் ஒட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது பகிடியாகக் கேட்காது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் எங்கட சொத்துகளை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறது. பரம்பரையாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உழைச்சுத் தேடினது தேடிய தேட்டம். இந்த மூன்று சொல்லையும் தெரிந்த ஒருவர் அந்த ஸ்ரிக்கரை வாசித்தால் உடனே ஒரு திருத்தம் சொல்லுவார்: ‘ஐயா, அது இன்னும் முதுசம் ஆகேல்ல. நீங்களும் உங்கட மனிசியும் உசிரோட இருக்கிறவரைக்கும் அது உங்கட தேடிய தேட்டம்.’

இந்தத் திருத்தத்துக்குள்தான் நாங்கள் சொல்ல வருகிற விஷயமும் இருக்கிறது. வயசுபோனவர்கள் தாங்கள் தேடினதைத் தங்களுக்காகச் செலவழிக்கலாமா? வீட்டைக் காத்துக்கொண்டிருப்பதுதான் முதுமையின் வேலையா? மஹாபொல காசு இந்த மாதம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற கலைப்பீடத்துப் பிள்ளைகள் ஓய்வுகாலத்தைப் பற்றி எழுதுவது கொஞ்சம் பகிடிதான். ஆனாலும் எங்கட வீடுகளில் ஓய்வுபெறப்போகிறவர்கள் எங்கட அம்மா அப்பாதான். ஆகவே எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில், அது என்ன மாதிரியான வாழ்க்கை என்று பார்ப்பம்.

அமெரிக்காவில் இது ஏதோ நாலு பேரின் விசர்க் கூத்து இல்லை. இன்டியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் இந்த வாகனங்களில் பெரும்பாலானவை செய்யப்படுகின்றன. கொரோனாக் காலத்தில் விமானங்களும் ஹோட்டல்களும் படுத்துவிட, சனம் இதற்குள் பாய்ந்தது. 2021இல் மட்டும் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போனவை ஏறக்குறைய 6 இலட்சம். இதில் கூடுதலானவை விடுமுறைக்குக் கொண்டுபோகிற இழுவை வண்டிகள். வீட்டை விட்டுவிட்டு முழுநேரமாக வாகனத்திலேயே இருப்பவர்கள் தனிக் கூட்டம். அவர்களுக்கென்று ஒரு சங்கமே 1978இலிருந்து இருக்கிறது. ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்ற தம்பதி தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ அது. ரெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்ரன் என்ற சின்ன ஊரில் அதன் தலைமையகம். ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு வருகிற கடிதங்களைச் சேர்த்து வைத்து, அவர்கள் நிற்கிற இடத்துக்கு அனுப்பி விடுவதுதான் அதன் பெரிய வேலை.

கடிதம் என்ற உடனே ஒரு கேள்வி வரும். வீடில்லாதவருக்கு விலாசம் ஏது? வாகன அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு, வரி, வாக்கு, காப்புறுதி எல்லாத்துக்கும் ஒரு விலாசம் வேணும். அதனால் முழுநேரப் பயணிகள் பலர் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மாநில வருமான வரி இல்லாத ரெக்சஸ், புளோரிடா, தெற்கு டக்கோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைத் தங்கட ‘ஊர்’ ஆக்கிக்கொள்கிறார்கள். தெற்கு டக்கோட்டாவில் ஒரு இரவு தங்கின பற்றுச்சீட்டும் கடிதப்பெட்டி விலாசமும் இருந்தால் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம் என்பது இவர்களுக்கிடையில் பேர்போன வழி. ஊர் என்றால் ஏழு தலைமுறை, கோயில் திருவிழா, குறிச்சி என்று வளர்ந்த எங்களுக்கு, ஒரு இரவுப் பற்றுச்சீட்டில் ஊர் கிடைப்பதை நம்பக் கஷ்டம்தான். அதிலும் ஒரு உண்மை இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடினாலும் அரசாங்கம் கேட்கிற இடத்தில் நிறுத்திக் காட்ட ஒரு முகவரி இல்லாமல் யாராலும் சுதந்திரமாக இருக்க ஏலாது.

இனி அந்த முதல் மாதங்களுக்கு வருவம். காணொளிகளில் எங்களுக்குப் பிடித்த பகுதி சூரியன் மறைகிற மலைக் காட்சி இல்லை. தண்ணியைப் பற்றிக் கதைக்கிற பகுதிதான். மோட்டர் ஹோமில் மூன்று தாங்கிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணிக்கு. மற்றது குளிச்ச, கோப்பை கழுவின தண்ணிக்கு. அதைச் சாம்பல் தாங்கி என்பார்கள். மூன்றாவது கக்கூசுக்கு. அது கறுப்புத் தாங்கி. கறுப்புத் தாங்கியின் வால்வை எப்பவும் பூட்டித்தான் வைக்க வேணும். திறந்து விட்டால் தண்ணி மட்டும் ஓடிப்போய், மிச்சம் அடியில் இறுகிப்போகும். கழிவு இறக்குகிற இடத்துக்குப் போனால் முதலில் கறுப்பைத் திறக்க வேணும், பிறகு சாம்பலைத் திறக்க வேணும். அப்பதான் சோப்புத் தண்ணி குழாயைக் கழுவிக்கொண்டு போகும். நாற்பது வருஷம் கந்தோரில் முகாமையாளராக இருந்த மனிசன், 65 வயசில், கையுறை போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறார்.

நாங்கள் இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வீடு என்கிறது நாங்கள் பார்க்காமல் இருப்பதற்காகக் கட்டப்பட்ட ஒன்று. தண்ணி எங்கிருந்து வருது, கழிவு எங்க போகுது, கரண்ட் எவ்வளவு முடியுது என்று வீட்டில் யாரும் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறதில்லை. அல்லது, யாரோ ஒருவர் மட்டும் யோசிப்பார், மற்றவர்களுக்குத் தெரியாது. வாகனத்துக்குள் வந்தவுடன் எல்லாம் கணக்காகிவிடுகிறது. 30 அம்பியர் இணைப்பில் நிற்கும்போது ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். வனாந்தரத்தில் இணைப்பில்லாமல் நின்றால் பற்றரியும் சூரியத் தகடும் தருகிற அளவுக்குத்தான் வெளிச்சம். டயரைக்கூடத் தேய்ஞ்சிருக்கா என்று பார்த்தால் போதாது. ஓடாமல் நின்றாலும் வயசு போய் வெடிக்கும் என்பதால், பூவைப் பார்க்காமல் செய்த திகதியைப் பார்த்து மாற்றுகிறார்கள். எரிபொருள் இன்னொரு கதை. பெரிய பெற்றோல் வண்டி ஒரு கலனில் எட்டு மைல் ஓடினாலே சந்தோஷம். எங்கட கணக்கில் லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றருக்கும் குறைவு.

இதனால்தான் முதல் மாதம் ஓடின ஓட்டம் மூன்றாம் மாதம் இருக்காது. தொடக்கத்தில் எல்லாரும் விடுமுறைக்கு வந்தவர்கள் மாதிரி ஓடுகிறார்கள். இன்றைக்கு ஒரு தேசியப் பூங்கா, நாளைக்கு இன்னொன்று. பிறகு களைச்சுப்போகிறார்கள். பழையவர்கள் புதியவர்களுக்கு ‘மூன்று மூன்று மூன்று’ என்று ஒரு கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓடாதே, பின்னேரம் 3 மணிக்கு முதல் போய்ச் சேர், போன இடத்தில் 3 நாளாவது நில். 300 மைல் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் இன்னும் கொஞ்சம் தெற்கே போகிற தூரம். விடுமுறையில் போகிறவருக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது, அவர் அவசரப்படலாம். வீட்டோடு போகிறவருக்கு அவசரம் எதுக்கு? இதை உடம்பு ஏற்றுக்கொள்ளத்தான் அந்த மூன்று மாதம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறோம். நாற்பது வருஷ வேலைநாள் உடம்பை விட்டுப் போக அவ்வளவு காலம் எடுக்கிறது.

அடுத்தது, புருஷன் பெண்சாதி விஷயம். 35 அடி நீளம், எட்டரை அடி அகலம் என்றால் ஏறக்குறைய 300 சதுர அடி. நீட்டி விரிக்கிற பக்கங்களைச் சேர்த்தாலும் எங்கட ஊரில் ஒரு நடுத்தர விறாந்தையும் அறையும் சேர்ந்த அளவுதான் வரும். அதுக்குள்ள இரண்டு பேர், 24 மணித்தியாலமும். வேலைக்குப் போன காலத்தில் காலமையும் இரவும் மட்டும் சந்தித்தவர்கள், இப்பதான் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்க்கிறார்கள். முகாம்களில் பேர்போன வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஒரு சோடி வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதைச் சுற்றியிருக்கிறவர்கள் கதிரை போட்டுப் பார்ப்பார்கள். அவர் ஓட்டுவார், இவ பின்னுக்கு நின்று கை காட்டுவா. ‘இடப்பக்கம்’ என்றால் யாருடைய இடப்பக்கம் என்பதில் சண்டை வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுகிற புத்திமதி ஒன்றுதான்: இரண்டு பேருமே ஓட்டப் பழகுங்கோ.

இந்தப் புத்திமதியை நாங்கள் சாதாரணமாக எடுக்கவில்லை. ஓட்டத் தெரியாத மனைவிக்கு அந்த வீடு கணவனின் வீடு. அவருக்கு வழியில் நெஞ்சு நோ வந்தால், பாலைவனத்தின் நடுவில் வீட்டை அசைக்க ஆளில்லை. அதேமாதிரித் தாங்கி, குழாய், பற்றரி ‘ஆம்பிளை வேலை’. சமையல், உடுப்பு, பேரப்பிள்ளைக்குப் போன் எடுக்கிறது ‘பொம்பிளை வேலை’ என்று பழைய வீட்டின் பிரிவினை சில்லு பூட்டி அப்படியே வருகிறது. குசினி சின்னனாகிவிட்டது என்பதற்காக அவ குசினியை விட்டு வந்துவிட்டா என்று அர்த்தமில்லை. ‘எல்லாத்தையும் விட்டு வந்தோம்’ என்று காணொளியில் அவர் சொல்லும்போது, பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கோ. ஓய்வுபெற்றது யார் என்ற கேள்வி அங்கே கிடக்கிறது.

சினிமா இந்தச் சோடியை எப்பிடிப் பார்த்திருக்கிறது? மூன்று படங்களை எடுப்பம். அலெக்சாண்டர் பெயினின் ‘அபௌட் ஷ்மிட்’ 2002இல் வந்தது. ஒமாஹா நகரில் காப்புறுதி நிறுவனம் ஒன்றிலிருந்து ஓய்வுபெறுகிற ஷ்மிட்டாக ஜாக் நிக்கல்சன். 35 அடி வின்னபேகோ வண்டி வாங்கி ஊர் சுற்ற வேணும் என்பது மனைவி ஹெலனின் ஆசை. வண்டி வந்துவிடுகிறது. பயணம் தொடங்க முதல் அவ திடீரென்று செத்துப்போகிறா. இரண்டு பேருக்காக வாங்கின வண்டியை ஷ்மிட் தனிய ஓட்டுகிறார். 2017இல் வந்த ‘த லெஷர் சீக்கர்’ படத்தில் ஹெலன் மிரனும் டொனால்ட் சதர்லண்டும். கணவனுக்கு ஞாபகம் அழிகிறது, மனைவிக்குப் புற்றுநோய். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே புளோரிடாவின் கீ வெஸ்ற் நோக்கிப் போகிறார்கள். மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த குளோயி ஜாவோவின் ‘நோமட்லாண்ட்’. 2021 ஒஸ்காரில் சிறந்த படம், இயக்குநர், நடிகை மூன்றையும் எடுத்தது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். நல்ல சுகத்தோடும் போதிய காசோடும் இருக்கிற ஒரு சோடியின் சாதாரணமான முதல் மாதங்கள் மூன்றிலும் இல்லை. ஒன்றில் தொடங்க முதல் சாவு. ஒன்றில் சாவுக்குக் கிட்ட நிற்கும்போதுதான் தொடக்கம். மற்றதில் கணவன் செத்து, ஊரும் செத்த பிறகு தனியொருத்தியின் ஓட்டம். காணொளிகளில் இதுக்கு நேர்மாறு: எல்லாம் அழகு, எல்லாம் சிரிப்பு. சினிமா சாவை மட்டும் பார்க்கிறது, காணொளி சந்தோஷத்தை மட்டும் விற்கிறது. நடுவில் இருக்கிற சாதாரண வயோதிபம், அதாவது காலமையில் பிரஷர் குளிசை போட்டுவிட்டு, தாங்கியைப் பார்த்துவிட்டு, சண்டை பிடித்துவிட்டு, பின்னேரம் இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற வயோதிபம், யாருக்கும் கதையாகத் தெரியவில்லை. எங்களுக்கு அதுதான் கதை.

ஆனால் அந்த இரண்டு கதிரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேணும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடைக்க 67 வயசாக வேணும். 62இலேயே எடுக்கலாம், ஆனால் 30 வீதம் குறையும், அந்தக் குறைவு சாகும்வரைக்கும் கூடவே வரும். முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி 65இல்தான். ஆகவே 62இல் வீட்டை விட்டுக் கிளம்புகிற சோடிக்கு மூன்று வருஷம் மருத்துவம் சொந்தப் பொறுப்பு. 65க்குப் பிறகும் தனியார் வழியாக எடுக்கிற திட்டங்கள் பல ஒரு பிரதேசத்து வைத்தியர்களோடு கட்டுப்பட்டவை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது சரிவராது. வீட்டுக் காணி விலை ஏறும். மோட்டர் ஹோமின் விலை கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இறங்கும். வித்த வீட்டைத் திரும்ப வாங்குவது லேசில்லை. சந்தோஷமாக ஓடுகிற சோடிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் கடன் இல்லாத ஒரு வீடு வித்த காசும், ஒரு நல்ல ஓய்வூதியமும் இருக்கின்றன. அவர்களின் துணிச்சலை நாங்கள் மதிக்கிறோம். துணிச்சலுக்கும் ஒரு வங்கிக் கணக்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அது இல்லாதவர்களும் அதே றோட்டில்தான் போகிறார்கள். ஜெசிக்கா புறூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் எழுதிய ‘நோமட்லாண்ட்’ நூல்தான் படத்துக்கு மூலம். 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த அறுபது எழுபது வயசுக்காரர்கள் வானுக்குள் குடியேறி, பருவகால வேலை தேடி ஓடுவதை அவர் பின்தொடர்ந்தார். கோடையில் அரச முகாம்களில் கக்கூசு கழுவுகிறார்கள். இலையுதிர் காலத்தில் வடக்கு டக்கோட்டாப் பக்கம் சீனிக் கிழங்கு அறுவடை. நத்தார் காலத்தில் அமேசனின் களஞ்சியங்கள். இப்பிடி வண்டியில் வந்து தங்கி வேலை செய்கிறவர்களுக்காகவே அந்தக் கம்பனி ‘கம்பர்போர்ஸ்’ என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. கொங்கிறீற் தரையில் ஒரு நாளைக்குப் பல மைல் நடக்கிற வேலை அது. படம் காட்டுகிற எம்பயர் ஊரும் கற்பனை இல்லை. நெவாடாவில் ஜிப்சம் பலகை செய்த ஆலை 2011 ஜனவரியில் மூடப்பட, ஆலைக்காரர் கட்டின அந்த ஊரும் சேர்ந்து மூடப்பட்டது. தபால் குறியீட்டு எண்ணைக்கூட எடுத்துவிட்டார்கள்.

மாரி காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கும். அரிசோனாவின் குவார்ட்சைற், நிரந்தரமாகச் சில ஆயிரம் பேர் மட்டும் இருக்கிற பாலைவன ஊர். குளிருக்குப் பயந்து தெற்கே வருகிற வண்டிகளால் ஜனவரியில் அது நகரமாகிவிடும். சுற்றியுள்ள அரச நிலத்தில் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை தங்கப் பல வருஷமாக 180 டொலர்தான் கட்டணமாக இருந்தது. மூன்று இலட்சம் டொலர் வண்டியும், பின்சீற்றில் மெத்தை போட்ட பழைய வானும் ஒரே புழுதியில் நிற்கும். இரண்டு பேரும் ஒரே சூரிய அஸ்தமனத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் திரும்பிப் போகலாம். மற்றவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. படம் எடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ‘நாடோடி வாழ்க்கை’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பாவிக்கிறதில்தான் எங்களுக்குக் கோபம். ஒருவரின் தெரிவையும் இன்னொருவரின் கதியையும் ஒரே அழகான சொல்லால் மூடிவிட்டால், ஓய்வூதியம் காணாது, வாடகை கூடிப்போச்சு என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போய்விடும்.

இந்த வித்தியாசத்தை எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வீட்டைத் தூக்கிக்கொண்டு றோட்டில் இறங்குவது என்ன என்று 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்துக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் போனவர்களுக்குத் தெரியும். 2009 வரைக்கும் வன்னிக்குள் உழவு இயந்திரப் பெட்டியில் சீவித்தவர்களுக்கும் தெரியும். அதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எங்கட பெற்றோருக்கு நாலு சுவரும் ஒரு கிணறும் அவ்வளவு பெரிசு. வீட்டை வித்து வண்டி வாங்கினவர்களின் காணொளியைக் காட்டினால், ‘உதுகளுக்கு வீட்டின்ர அருமை தெரியேல்ல’ என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வசனத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அது அனுபவத்தில் வந்த வசனம்.

ஆனால் அதன் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேணும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, மேல்மாடி கட்டின வீட்டில் ஒரு அறையை மட்டும் பாவித்துக்கொண்டு, மிச்ச அறைகளைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருக்கிற கிழவன் கிழவிகள் எத்தனை பேர் எங்கட தெருக்களில்? அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, வீட்டுக்குக் காவல் இருக்கிறார்களா? ‘எங்கையாவது போட்டு வாங்கோவன்’ என்றால் ‘வீட்டை ஆர் பாக்கிறது?’ என்பதுதான் பதில். மற்றப் பக்கம், எங்கும் போகிறவர்கள் என்றால் அது பேரப்பிள்ளை பார்க்க வெளிநாடு போகிற அம்மம்மாக்கள்தான். அதுவும் வேலைதான், சம்பளம் இல்லாத வேலை.

வயசுபோனவர்கள் றோட்டில் இறங்குவது எங்கட மரபில் இல்லாத சங்கதியும் இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரையை யோசித்துப் பாருங்கோ. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையால் நடந்து, பிறகு குமண, யால காடுகளைக் கடந்து போக ஒன்றரை மாதத்துக்கும் மேல் எடுக்கும். யுத்த காலத்தில் வடக்குப் பகுதி வருஷக்கணக்காக அறுந்துபோனது. பிறகு திரும்பத் தொடங்கியது. அதில் நடப்பவர்களில் எத்தனையோ பேர் அறுபது எழுபது தாண்டியவர்கள், அதிலும் பெண்கள். சின்னப் பொட்டலம், ஒரு பாய், கோயில் மடத்தில் படுக்கை, ஊர்ச்சனம் தருகிற சாப்பாடு. அவர்களை யாரும் ‘வீட்டை விட்டிட்டு என்ன அலைச்சல்’ என்று கேட்கிறதில்லை. சாமி பேரைச் சொன்னால் முதியவர் போகலாம். தனக்காகப் போகிறேன் என்றால்தான் எங்களுக்குப் பொறுக்காது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். மோட்டர் ஹோமை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கட ஒழுங்கைக்குள் அது திரும்பவும் மாட்டாது. நாங்கள் கேட்பது அதுக்குக் கீழே இருக்கிற இரண்டு விஷயங்களை. முதலாவது, போகிறதுக்கும் நிற்கிறதுக்கும் முதியவருக்குக் கையில் காசு. இலங்கையில் மாதாமாதம் ஓய்வூதியம் என்பது பெரும்பாலும் அரச ஊழியருக்குத்தான். தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதியை மொத்தமாகக் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொடப்போனபோது, அந்த மொத்தக் காசு எப்பிடிக் கரைஞ்சது என்று ஓய்வுபெற்றவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு அம்மாவுக்கு விற்கவோ பூட்டவோ வீடே இல்லை, லயன் அறை அவவுக்குச் சொந்தமில்லை. கடலுக்குப் போனவருக்கும் கூலி வேலை செய்தவருக்கும் ஓய்வு என்ற சொல்லே வருத்தம் வந்து படுக்கிறது என்ற கருத்தில்தான் வழங்குகிறது. அவர்களிடம் தேடிய தேட்டத்தைப் பற்றிக் கதைக்க முதல், தேட விட்டோமா என்று கேட்க வேணும்.

இரண்டாவது, பிள்ளைகளாகிய எங்கட பங்கு. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, வீட்டுக்குள் நாங்கள் விட வேண்டியதை விட வேணும். அம்மா அப்பா உழைத்தது எங்களுக்குத்தான் என்ற எண்ணம் எங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று ஒருக்கா பார்ப்பம். எங்கட படிப்பு, அக்காவின் சீதனம், அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக் காசு, இப்ப மிஞ்சியிருக்கிற வீடு. இந்தக் கணக்கில் அவர்களின் பேரில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் அதைத் தியாகம் என்கிறார்கள், நாங்களும் அதைத் தியாகம் என்று கவிதை எழுதுகிறோம். தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கிற கேள்வி வராது.

அமெரிக்கச் சோடிகளின் றோட்டும் ஒரு நாள் முடிகிறதுதான். ஒருவருக்குக் கண் மங்கும், மற்றவருக்கு முழங்கால் ஏலாமல் போகும். எஸ்கேப்பீஸ்காரர் லிவிங்ஸ்ரனில் இதுக்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். இனி ஓட ஏலாதவர்கள் தங்கட வண்டியோடேயே வந்து நிறுத்தி, சாப்பாடும் பராமரிப்பும் பெற்றுக்கொண்டு இருக்கிற ஒரு நிலையம் அது. வீட்டை விட்டு ஓடினவர்கள் கடைசியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஒரு ஊரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஓட்டம் அவர்களைத் தனியாட்கள் ஆக்கிவிடவில்லை.

வீட்டில் அடுத்தமுறை காணி, உறுதி, ஆருக்கு எந்தப் பங்கு என்ற கதை வரும்போது, அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: ‘உங்களுக்கு எங்க போக விருப்பம்?’ கதிர்காமமாக இருக்கலாம், காசியாக இருக்கலாம், சும்மா கல்லடிப் பாலத்தடியாக இருக்கலாம். ‘எங்களுக்கு என்னத்துக்கு’ என்று உடனே சொல்லுவார்கள். அதோட விட்டுவிடாமல் இரண்டாம் தரமும் கேளுங்கோ. தேடிய தேட்டம் தேடினவர்களுக்கும் உரியது.